மின்னலுக்குப் பின்னால் வந்த ஆமை

ரிங் பஸ்ஸைப் பற்றி அந்த நகரத்தில் எல்லோருக்கும் ஒரே அபிப்பிராயம்தான். அது சம்பந்தி வீட்டார் மாதிரி. வரவே வராது, வந்தால் கூட்டமாக வரும். நின்று நின்று கால் கடுத்து, இனி நடந்தே போய்விடலாம் என்று முடிவெடுத்து நாலடி எடுத்து வைக்கிற நேரம் பார்த்து முதல் வண்டி பிதுங்கிக்கொண்டு வந்து நிற்கும். அதன் முதுகிலேயே இரண்டாவது வண்டி காற்று வாங்கிக்கொண்டு வரும். சில நாள் மூன்றாவதும் வரும். அப்புறம் மறுபடி வெறும் சாலைதான்.

ஊரைச் சுற்றி வட்டமாக ஓடும் அந்தத் தடத்தில் எட்டு வண்டிகள். அவற்றில் ஒன்றை ஓட்டியவனுக்கு மின்னல் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. அவன் வண்டி ஸ்டாப்பில் நிற்பதே ஒரு மரியாதைக்குத்தான். கதவு திறக்கும், இரண்டு பேர் ஏறுவார்கள், கதவு மூடும். கடைசியாக ஏறியவர் கார்டைத் தேய்த்து முடிப்பதற்குள் அடுத்த ஸ்டாப் தெரியும். அவசரக்காரர்கள் அவன் வண்டியைத் தேடிப் பிடித்து ஏறினார்கள். கோர்ட்டுக்குப் போகும் ஒரு வக்கீல் முன்னால் வந்த வண்டியை விட்டுவிட்டு, "நான் மின்னல் சார் வண்டியிலதான் வருவேன்" என்று சொல்லிக்கொண்டு காத்திருப்பார். இதைக் கேட்கும்போதெல்லாம் மின்னலுக்கு முதுகு ஓரங்குலம் நிமிரும்.

அவனுக்கு முன்னால் எப்போதும் ஓடியது அவன் மச்சானின் வண்டி. மனைவிக்கு மூத்த அண்ணன். ஆள் பெரிய உருவம், குரல் சின்னது. ஏறுகிற ஒவ்வொருவருக்கும் வணக்கம் சொல்வார். தூரத்தில் யாராவது கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார். அவருக்கு ஆமை என்று பெயர் வைத்ததே மின்னல்தான். இருவரும் விடியற்காலையில் நல்ல இடைவெளி விட்டுத்தான் கிளம்புவார்கள். ஆனால் பாலத்தை அடைவதற்குள் மின்னலின் முன்கண்ணாடி முழுக்க மச்சானின் வண்டி அடைத்துக்கொண்டிருக்கும். ஜன்னலெல்லாம் முகம், கதவெல்லாம் முதுகு. மின்னல் ஹாரனை இரண்டு தடவை சுருக்கமாகவும் ஒரு தடவை நீட்டியும் அடிப்பான். பாம், பாம், பாஆஆம். "நகருங்க மச்சான்" என்று அதற்கு அர்த்தம். ரிங்கில் எல்லா டிரைவர்களுக்கும் அந்த ஹாரன் தெரியும்.

"சாப்பாட்டுலயும் மெதுவா, ரோட்டுலயும் மெதுவா," என்று குடும்பத்தில் எங்கே கூடினாலும் மின்னல் ஆரம்பிப்பான். "மச்சான் பொறந்ததே பத்து மாசத்துக்கு அப்புறமாத்தான் இருக்கும்."

மச்சான் சிரித்துக்கொள்வார். "மாப்ள சொன்னா சரியாத்தான் இருக்கும். நீங்க சாப்பிடுங்க மாப்ள."

இந்தக் கேலி ஒரு நாள் வினையானது. ரிங் பஸ் பற்றிப் புகார்கள் குவிந்து, புதிதாக வந்த மேலாளர் டிரைவர்களைக் கூட்டி வைத்து ஏன் வண்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன என்று கேட்டார். மின்னல் வாய் சும்மா இருக்குமா? "முன்னாடி வண்டி நகர்ந்தாத்தானே சார் பின்னாடி வண்டி நகரும்?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். மேலாளர் சிரிக்கவில்லை. யார் அந்த முன்வண்டி என்று விசாரித்தார். அடுத்த மாதத்திலிருந்து ஆமையை ரிங்கிலிருந்து எடுத்துவிட்டு, பணிமனைகளுக்கு டயர் ஏற்றிப் போகும் வண்டியில் போடுவதாக முடிவாயிற்று.

மச்சான் அன்று தங்கை வீட்டுக்கு வந்து ஒரு டம்ளர் தண்ணீர் மட்டும் குடித்தார். "டயருக்கெல்லாம் வணக்கம் சொல்ல முடியாதில்ல," என்று மட்டும் சொன்னார். அவர் போன பிறகு மின்னலின் மனைவி சிறிது நேரம் அந்தக் காலி டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவள் வேலை பார்த்தது பேருந்துக் கட்டுப்பாட்டு அறையில். மைக்கில் பேசுவதால் டிரைவர்கள் அவளைக் கண்ட்ரோல் என்றே கூப்பிடுவார்கள். மின்னல் வீட்டிலும் அப்படித்தான் கூப்பிடுவான். அவள் முன்னால் ஒரு பெரிய திரை. அதில் ஒரு வட்டம். வட்டத்தில் எட்டுப் புள்ளிகள். காலையில் முத்துக் கோத்த மாதிரி இருக்கும் வட்டம், மதியத்துக்குள் அறுந்த மாலை மாதிரி ஒரு பக்கமாகக் குவிவதை வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. மேலாளரிடம் போய் நின்று, ஒரே ஒரு நாள் கேட்டு வாங்கி வந்தாள்.

"நாளைக்கு டைம் டேபிள் கிடையாது," என்றாள் சாப்பாட்டு மேசையில்.

மின்னல் கரண்டியைக் கீழே வைத்தான். "டைம் டேபிள் இல்லாம பஸ்ஸா? பின்ன எதைப் பார்த்து ஓட்டறது, வானத்தையா?"

"ஸ்டியரிங் பக்கத்துல ஒரு சின்னத் திரை வச்சிருக்கோம். அதுல மூணு புள்ளி. உங்க முன்னாடி வண்டி, நீங்க, உங்க பின்னாடி வண்டி. ரெண்டுக்கும் நடுவுல இருங்க. முன்வண்டிகிட்டப் போயிட்டா, ஸ்டாப்புல நின்னு கொஞ்சம் மூச்சு விட்டுட்டுக் கிளம்புங்க. யாரும் யாரையும் முந்தக் கூடாது. அவ்வளவுதான்."

"நிக்கறதுக்கா எனக்குச் சம்பளம் தர்றாங்க?"

"ஸ்டாப்புல நிக்கறவங்களுக்காகத்தான் தர்றாங்க."

மின்னல் பதில் தேடுவதற்குள் அவள் தொடர்ந்தாள். "வட்டம் சாயங்காலம் வரைக்கும் உடையாம இருந்தா எங்க அண்ணன் ரிங்லயே இருப்பார். ரெண்டு வண்டி முதுகும் மூக்குமா ஒட்டிக்கிட்டா, அத்தோட முடிஞ்சுது. மேலாளர் நாள் முழுக்க என் நாற்காலிக்குப் பின்னாடியேதான் நிக்கப் போறார். இன்னொண்ணு. வரிசையை மாத்தியிருக்கேன். நாளைக்கு நீங்க முன்னாடி, அண்ணன் பின்னாடி."

மின்னல் விழுந்து விழுந்து சிரித்தான். "அப்ப கவலையே படாதே. நாளைக்கு உங்கண்ணன் என் வண்டியோட பின்விளக்கைக்கூடப் பார்க்க மாட்டார். ஒட்டறதாவது!"

"பார்க்கலாம்," என்றாள் கண்ட்ரோல். அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் முதல் சுற்று வெண்ணெயில் கத்தி போன மாதிரி போயிற்று. திரையில் மூன்று புள்ளிகளும் அளந்து வைத்தாற்போல் நின்றன. இரண்டாவது சுற்றில் மின்னலின் கால் தன் புத்தியைக் காட்டியது. அவன் புள்ளி முன்வண்டியை நோக்கி நகர்ந்தது. ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் மைக் கூப்பிட்டது.

"மூணாம் வண்டி. அங்கேயே கொஞ்சம் நில்லுங்க."

நின்றான். எல்லோரும் ஏறியாயிற்று. கதவு திறந்தபடி இருந்தது. சாலை காலியாக இருந்தது. சிக்னல் பச்சையாக இருந்தது. வாழ்க்கையில் பச்சையைப் பார்த்துக்கொண்டு அவன் சும்மா நின்றதே இல்லை. உள்ளங்கால் அரித்தது.

"என்ன டிரைவர், வண்டி ரிப்பேரா?" என்றாள் கை நிறையக் கோப்பு வைத்திருந்த ஒரு பெண்.

"இல்லைம்மா."

"அப்ப நீங்க ரிப்பேரா?"

பின்னால் சிரிப்பு. முதல் இருக்கையில் இருந்த வக்கீல் கடிகாரத்தைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். "மின்னல் சார், உங்களை நம்பித்தானே முந்தின வண்டியை விட்டேன்? என்ன சார் இது, துரோகம்?"

"மேலிடத்து உத்தரவு சார்."

"எந்த மேலிடம்?"

"எங்க வீடு."

மைக்கில் "கிளம்பலாம்" என்று வந்ததும் அவிழ்த்துவிட்ட கன்று மாதிரி பாய்ந்தான்.

வினை ரயில் நிலைய ஸ்டாப்பில் காத்திருந்தது. தாமதமாக வந்த ஒரு ரயிலும் நேரத்துக்கு வந்த ஒரு ரயிலும் ஒரே சமயத்தில் ஆட்களைக் கொட்டியிருந்தன. அதுவாவது பரவாயில்லை. சுற்றுலா வந்த ஒரு பள்ளிக்கூட வகுப்பு வரிசையாக நின்றது. அவர்களுடைய டீச்சர் ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணி ஏற்றினார். பாதியில் எண்ணிக்கை மறந்துபோய், எல்லோரையும் இறக்கி மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். ஒரு சிறுமியின் செருப்பு படிக்கும் நடைபாதைக்கும் இடையில் விழுந்தது. அதை எடுக்க நாலு பேர் குனிந்தார்கள். குனிந்தவர்களைத் தாண்டி யாராலும் ஏற முடியவில்லை. மின்னல் ஸ்டியரிங்கில் தாளம் தட்டினான். கடைசியில் கதவை மூடும்போது முன்வண்டிப் புள்ளி திரையின் விளிம்புக்குப் போயிருந்தது.

போகட்டும், பிடித்துவிடலாம் என்றுதான் நினைத்தான்.

அடுத்த ஸ்டாப்பில் வழக்கமாக அவனுக்கு ஐந்தாறு பேர் இருப்பார்கள். இன்று நடைபாதையே தெரியவில்லை. அவன் தாமதித்த நேரத்தில் வந்து சேர்ந்தவர்கள் எல்லோரும் அங்கே நின்றார்கள். அவர்கள் ஏறி, கார்டைத் தேய்த்து, உள்ளே போகாமல் கதவருகிலேயே நின்று, "உள்ள போங்க, உள்ள போங்க" என்று ஒருவரை ஒருவர் திட்டி முடிப்பதற்குள், அதற்கடுத்த ஸ்டாப்பில் இன்னும் பத்துப் பேர் சேர்ந்திருந்தார்கள். அவர்களை ஏற்றுவதற்குள் அதற்கும் அடுத்ததில் ஒரு படையே நின்றது. இறங்குகிறவர்கள் ஏறுகிறவர்களைப் பிளந்துகொண்டு வர வேண்டியிருந்தது. ஒருவர் ஆளுயரக் கண்ணாடி ஒன்றைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினார். "உடைஞ்சா ஏழு வருஷம் தரித்திரம் எனக்கு, பார்த்து ஓட்டுங்க" என்றார். மின்னல் எவ்வளவு வேகமாகப் போனாலும், எவ்வளவு சாமர்த்தியமாகச் சந்து பார்த்து நுழைந்தாலும், ஸ்டாப்பில் எல்லாம் கரைந்து போயிற்று. மிதிக்க மிதிக்கப் பின்னோக்கிப் போகும் படிக்கட்டில் ஓடுகிற மாதிரி இருந்தது.

"இது என்ன வண்டியா, ஆமையா?" என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது.

மின்னலுக்குக் காது சுட்டது. அந்த நேரம் பார்த்து அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது.

பாம், பாம், பாஆஆம்.

பக்கக் கண்ணாடியைப் பார்த்தான். மச்சானின் வண்டி! கண்ணாடி முழுக்க மச்சானின் வண்டி! ஜன்னல்களில் முகமே இல்லை. இருக்கைகள் வரிசை வரிசையாக வெயில் காய்ந்துகொண்டிருந்தன. ஸ்டியரிங்குக்கு மேல் மச்சானின் பெரிய முகம், பத்து வயது குறைந்து, பல் முழுக்கத் தெரிய மின்னிக்கொண்டிருந்தது.

"மாப்ள!" என்றது மைக். அந்தச் சின்னக் குரலா இது? "மாப்ள, ஸ்டாப்புல ஒரு ஆள்கூட இல்ல மாப்ள! கதவைத் திறக்கறேன், யாரும் ஏறலை, மூடறேன், போறேன்! சிக்னல் எல்லாம் எனக்கே பச்சை விழுது! இதுதானா இத்தனை வருஷமா நீ தனியா அனுபவிச்ச சுகம்?"

'வாங்க மாப்ள, போங்க மாப்ள' என்பதைத் தவிர வேறு மாதிரி அழைத்தறியாத மனிதர் நீ போட்டுப் பேசினார்.

"நாலாம் வண்டி, உடனே ஸ்டாப்புல நில்லுங்க!" கண்ட்ரோலின் குரல் கறாராக வந்தது. "மூணாம் வண்டியோட ஒட்டிட்டீங்க."

"நிக்கறதா? நான் மெதுவா ஓட்டறேன்னுதானே என்னை டயர் வண்டியில தூக்கிப் போடறாங்க? மேலாளர் பார்க்கறாரில்ல? நல்லாப் பார்க்கட்டும். யாரு மெதுவுன்னு இப்பச் சொல்லட்டும்!"

"அண்ணா!" கறார் உடைந்தது. "அண்ணா, சொன்னாக் கேளுங்க. நீங்க வேகமாப் போறதுதான் இப்ப உங்களுக்கு வினை. நில்லுங்கண்ணா!"

"கண்ட்ரோல், குடும்பப் பஞ்சாயத்தை வீட்ல வச்சுக்கக் கூடாதா?" என்று வேறு ஏதோ வண்டியிலிருந்து ஒரு டிரைவர் இழுத்தார். இன்னும் இரண்டு மைக்குகள் சிரித்தன.

"மாப்ள, ஓரம் கட்டு," என்றார் மச்சான். "நான் முன்னாடி போயிடறேன். வழி விடு மாப்ள!" பாம், பாம், பாஆஆம்.

மின்னலின் கை தானாகவே இண்டிகேட்டரைத் தொட்டது.

ஓரம் கட்டினால் போதும். மச்சான் முன்னால் போவார். சந்தை, கோர்ட், பாலம் என்று எல்லா ஸ்டாப்பிலும் காத்திருக்கிற படையை அவரே வாரிக்கொள்வார். மூன்றே ஸ்டாப்பில் அவர் வண்டி பிதுங்கும். இவன் வண்டி காலியாகும். சிக்னல் எல்லாம் மறுபடி இவனுக்குப் பச்சை விழும். வக்கீல் மறுபடி மின்னல் சார் என்பார். அவனுக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்ததும், இண்டிகேட்டர் மேல் இருந்த விரல் அப்படியே நின்றது. மூன்றே ஸ்டாப்பில்! அப்படியானால் இத்தனை வருஷமாக ஓட்டியது யார்? அவன் சாமர்த்தியமா? முன்னால் போன அந்த மனிதர் ஊர்ச் சுமையையெல்லாம் ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு ஸ்டாப்பாகத் துடைத்து வைத்துவிட்டுப் போனார். துடைத்த தரையில் இவன் வழுக்கிக்கொண்டு போய், ஆஹா என்ன வேகம் என்று தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டான். போதாததற்கு ஹாரன் வேறு.

"ஏங்க." மைக்கில் கண்ட்ரோல் மெதுவாகத்தான் சொன்னாள். எட்டு வண்டிக்கும் கேட்கும் என்பதை மறந்துவிட்டாள் போல. "மேலாளர் கோட்டை எடுத்துப் போட்டுக்கிட்டார்ங்க, கிளம்பப் போறார். ஏதாவது பண்ணுங்க."

சந்தை ஸ்டாப் வந்தது. ரிங்கில் இரண்டு வண்டிகள் முன்னும் பின்னுமாக நிற்கும்படி இடமிருந்த ஒரே ஸ்டாப் அதுதான். மின்னல் முந்த இடம் கொடுக்காமல் நட்டநடுவில் கொண்டுபோய் நிறுத்தினான். மச்சான் மூக்கை இடிக்காத குறையாகப் பின்னால் நின்றார். நடைபாதையில் சந்தைக் கூட்டம் மூட்டை முடிச்சுகளோடு முன்னேறியது.

மின்னல் இருக்கையிலிருந்து எழுந்தான். பயணிகளைப் பார்த்துத் திரும்பி நின்றான். ஓட்டுகிற வேலைக்கு வந்த நாளிலிருந்து அவன் தன் பயணிகளை முழுசாகப் பார்த்தது அன்றுதான். எவ்வளவு பேர்! எவ்வளவு வியர்வை!

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க! பின்னாடி ஒரு வண்டி நிக்குது. காலியா இருக்கு. உட்கார்ந்துக்கிட்டே போகலாம். பாதிப் பேர் அதுல ஏறிக்குங்க!"

ஒருவரும் அசையவில்லை. அரும்பாடுபட்டு ஏறிய வண்டியை விட்டு இறங்குகிறவன் எந்த ஊரிலாவது உண்டா? கையிலிருக்கும் கம்பியை எல்லோரும் இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தார்கள்.

"நாங்க இறங்கினதும் நீங்க ஓடிடுவீங்க. அதுவும் அப்படியே நிக்கும். இது தெரியாதா எங்களுக்கு?" என்றாள் கோப்புக்காரப் பெண்.

பின்னால் ஹாரன் அலறியது. மின்னல் ஒரு மூச்சு இழுத்தான். உண்மையில் இரண்டு மூச்சு.

"பின்னாடி நிக்கறது யார் வண்டி தெரியுமா?" என்று கத்தினான். "மின்னல் வண்டி! ரிங்லயே வேகமான டிரைவர்! ஹாரன் கேக்கலையா?"

மச்சான் சரியான நேரத்தில் அடித்தார். பாம், பாம், பாஆஆம்.

வண்டிக்குள் ஒரு சலசலப்பு. மின்னல் என்ற பெயர் ரிங்கில் தெரியாதவர்கள் கிடையாது. முகம் தெரிந்தவர்கள்தான் கொஞ்சம். தெரிந்தவர்களில் ஒருவர் முதல் இருக்கையிலிருந்து எழுந்தார்.

"ஒரு நிமிஷம்," என்றார் வக்கீல். "நீங்கதானே மின்னல்?"

"சார், இன்னிக்கு இந்த வண்டியில உட்கார்ந்துதானே வர்றீங்க? மனசைத் தொட்டுச் சொல்லுங்க. நான் மின்னலா?"

வக்கீல் யோசித்தார். நெரிசலைப் பார்த்தார். தலைக்குமேல் நின்ற ஆளுயரக் கண்ணாடியைப் பார்த்தார். அதில் தெரிந்த தன் கசங்கிய கழுத்துப் பட்டையைப் பார்த்தார். பிறகு பின்கண்ணாடி வழியாக அந்தக் காலி இருக்கைகளைப் பார்த்தார். "சாட்சியம் உங்களுக்கு எதிராத்தான் இருக்கு," என்றார். பையை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கி ஓடினார்.

அவர் ஓடியதுதான் தாமதம். அவசரக்காரர் ஒருவர் ஓடினால் அந்த ஊரில் மற்றவர்கள் கேள்வி கேட்பதில்லை. கோப்புக்காரப் பெண் ஓடினாள். டீச்சர் "ரெண்டு ரெண்டு பேரா!" என்று கத்த, வகுப்பு கூட்டமாக ஓடியது. கண்ணாடிக்காரர் ஊர்வலம் போனார். நடைபாதையில் நின்ற சந்தைக் கூட்டமும் எதற்கென்று தெரியாமலே மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு பின்வண்டிக்குத் திரும்பியது. பாதி வண்டி காலியானதும் மின்னல் இருக்கையில் தாவி உட்கார்ந்து கதவை மூடினான்.

"கண்ட்ரோல், மூணாம் வண்டி கிளம்புது! முன்வண்டியைக் கொஞ்சம் நிறுத்தி வைங்க, பிடிச்சிடறேன்!"

"நிறுத்தியாச்சு! போங்க, போங்க, போங்க!"

மின்னல் போனான். கண்ணாடியில் மச்சானின் வண்டி, வாசலில் ஆட்கள் தேன்கூடு மாதிரி தொங்க, நின்றபடியே சிறுத்துக்கொண்டு வந்தது.

"மாப்ள," என்றது மைக். சத்தம் அடங்கிப் பழைய குரல் திரும்பியிருந்தது, ஆனால் அதில் ஒரு கூச்சமும் சேர்ந்திருந்தது. "மாப்ள, இவங்க எல்லாம் என்னை மின்னல் சார்னு கூப்பிடறாங்க. என்ன சொல்றதுங்க?"

"ஆமான்னு சொல்லுங்க மச்சான். வணக்கமும் சொல்லுங்க. மெதுவாவே சொல்லுங்க, ஒண்ணும் அவசரமில்லை."

திரையில் நடுப்புள்ளி, கன்றுக்குட்டி தாயை விட்டு விலகுகிற மாதிரி, தயங்கித் தயங்கிப் பின்புள்ளியை விட்டு நகர்ந்தது. கோர்ட் ஸ்டாப்பில் கூட்டம் இருந்தது. "பின்னாடி மின்னல் வண்டி வருது, உட்கார இடமிருக்கு" என்று அங்கேயும் சொன்னான். கால்வாசிப் பேர் நின்றுகொண்டார்கள். பாலத்தில் கூட்டம் அதைவிடக் குறைவு. முன்வண்டிப் புள்ளி திரைக்குள் வந்தது. மைக் நெடுநேரம் பேசவில்லை. பேசாமல் இருப்பதே நல்ல செய்தி என்று மின்னலுக்குப் பட்டது. மேலாளர் கோட்டைக் கழற்றி மறுபடி நாற்காலியில் மாட்டியிருப்பார் என்று கற்பனை செய்துகொண்டான்.

மதியத்துக்கு மேல் அவன் ஒரு விசித்திரத்தைக் கவனித்தான். ஸ்டாப்புகளில் யாரும் சாலையை எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. கை கட்டிக்கொண்டோ கடிகாரத்தைத் திட்டிக்கொண்டோ நிற்கவில்லை. வந்தார்கள், பேச்சை ஆரம்பித்தார்கள், பேச்சு முடிவதற்குள் வண்டி வந்தது, பேசிக்கொண்டே ஏறினார்கள். யாரும் அவனைப் பாராட்டவில்லை. வண்டி வந்ததை யாரும் ஒரு செய்தியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் கண்ட்ரோல் நிற்கச் சொன்னபோது அவன் சாலையோரத்தில் ஒரு பூவரச மரம் இருப்பதைப் பார்த்தான். அது எப்போதிலிருந்து அங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் கோர்ட் ஸ்டாப்பில் வக்கீல் ஏறினார். முகத்தில் வெற்றி.

"உங்களுக்கு ரொம்ப நன்றி. உங்க பேச்சைக் கேட்டு அந்த வண்டி மாறினேனே, என்ன வேகம்! உட்கார்ந்தேன், பேப்பரை ஒரு தடவை புரட்டினேன், கோர்ட் வந்துடுச்சு. பறந்துட்டார் மனுஷன்."

காலையில் கோர்ட்டுக்கு முதலில் போய்ச் சேர்ந்தது மின்னலின் வண்டிதான். மச்சான் வந்து சேர அதற்கப்புறம் வெகு நேரம் ஆகியிருந்தது. அது திரையிலேயே தெரிந்த விஷயம். மின்னலின் நாக்கு நுனி வரை வந்தது.

"அவர் எப்பவுமே அப்படித்தான் சார்," என்றான்.

வண்டி பாலத்தின் உச்சிக்கு ஏறும்போது மைக் கரகரத்தது. நாள் முழுக்கப் பேசியதில் கண்ட்ரோலின் தொண்டை கட்டியிருந்தது.

"ரிங் வண்டிகள் எட்டும் கவனிக்க. மேலாளர் பக்கத்துலதான் இருக்கார். காலையில ஒட்டினது தானாப் பிரிஞ்சதைப் பார்த்துட்டு மன்னிச்சுட்டார். வட்டம் முழுசா இருக்கு. நாளைக்கும் இதே மாதிரி ஓட்டச் சொல்றார். நாளை மறுநாளும்." அவள் நிறுத்தினாள், மூக்கை உறிஞ்சுகிற சத்தம் எட்டு வண்டியிலும் கேட்டது. "டயர் வண்டிக்கு வேற ஆள் பார்த்துக்கறாங்களாம்."

மின்னல் ஜன்னலைத் திறந்தான். பாலத்தின் மேல் காற்று அள்ளிக்கொண்டு போயிற்று. கீழே நகரம் விளக்குப் போடத் தொடங்கியிருந்தது.

அவனுக்குப் பின்னால், வெகு தூரத்தில், யாரோ ஹாரன் அடித்தார்கள். இரண்டு சுருக்கம், ஒரு நீட்டல். யார் என்று கேட்க வேண்டியதே இல்லை. அடுத்த நொடி முன்னால் போன வண்டியிலிருந்தும் அதே ஹாரன், அதே தூரத்திலிருந்து. எட்டு வண்டிகளும் ஊரைச் சுற்றி அங்கங்கே அதை அடித்துக்கொண்டிருக்க வேண்டும். அவனுக்குக் கேட்டது இந்த இரண்டுதான். பின்னாலிருந்து வந்த சத்தமும் முன்னாலிருந்து வந்த சத்தமும் ஒன்றுக்கொன்று கூடாமல் குறையாமல், ஒரே அளவு சன்னமாகக் கேட்டன.

மின்னல் உள்ளங்கையை ஹாரன் மேல் வைத்து முழு பலத்தோடு அழுத்தினான்.

"என்ன சார், முன்னாடி வண்டியே இல்லையே, யாருக்கு அடிக்கிறீங்க?" என்றார் வக்கீல்.